கரையோரத்துத் திங்கட்கிழமைகள்

ஓய்வு பெற்ற பிறகும் மாதத்தில் ஓரிரு தடவை யாராவது ஓர் இலக்கத்தோடு என்னை அழைப்பார்கள். போன கிழமையும் அப்படி ஓர் அழைப்பு. அலுவலகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் தர்சினி.

“அண்ணை, ஒரு நிரல் முழுக்க நாப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் எண்டு இலக்கமாய் நிக்குது. தலைப்பில ‘பதிவுத் திகதி’ எண்டு கிடக்கு. இது திகதியோ, இல்லாட்டி ஆரும் கண்டபாட்டுக்கு அடிச்சதோ?”

“திகதிதான். மாத்திப் பாத்தனீரோ?”

“பாத்தன் அண்ணை. வடிவா வருது.”

“வடிவா வந்தால்தான் பயப்பட வேணும்.”

அவள் சிரித்துவிட்டாள். “உங்களுக்கு அந்தக் கடற்கரைக் கதை இன்னும் போகேல்லை என்ன? அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். புதுசா வாறவைக்குக் காட்டலாம்.”

போகவில்லைதான். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்தது வன்னியில் ஒரு திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில். பெயர் வேண்டாம். தட்டச்சாளராகச் சேர்ந்தேன். அலுவலகம் இடம்பெயர்ந்த போதெல்லாம் தட்டச்சுப் பொறியையும் சுமந்துகொண்டு நானும் இடம்பெயர்ந்தேன். பிறகு வவுனியாவில் ஆறு கிழமை கணினிப் பயிற்சி. திரும்பி வந்தபோது மேசையில் தட்டச்சுப் பொறி இல்லை, கணினி இருந்தது. பயிற்சி பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இலக்கத்துக்குள் திகதி ஒளிந்திருக்கும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது கணினி அல்ல, அடையாள அட்டை. பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். எல்லா ஆண்டிலும் மாசிக்கு, அதாவது பெப்ரவரிக்கு, இருபத்தொன்பது நாள் என்று வைத்தே எண்ணியிருப்பார்கள். இந்தச் சூட்சுமம் தெரியாத எழுதுவினைஞர் லீப் ஆண்டு தவிர, பங்குனி தொடக்கம் பிறந்த எல்லாரையும் ஒரு நாள் தள்ளிப் பிறக்க வைப்பார். என்னுடைய அட்டையில் அந்த மூன்று இலக்கமும் 001. தை, அதாவது ஜனவரி, முதலாம் திகதி. எழுபதுகளில் மலையகத்திலிருந்து தர்மபுரம் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. தேயிலைத் தோட்டத்தில் பதிந்த துண்டு எங்கேயோ தொலைந்து போக, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் தை ஒன்று என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தை ஒன்றில்தான் பிறந்தோம். அம்மாவைக் கேட்டால், “கொழுந்து கூடுதலா வந்த மாசம்” என்பார். ஆக, பிழையான திகதியில் பிறந்து, அந்தப் பிழையின்படியே மிகச் சரியாக ஓய்வும் பெற்றேன்.

கணினி விடயத்துக்கு வருகிறேன். கணினிக்கு ஆவணி, புரட்டாதி ஒன்றும் தெரியாது. அது ஏதோ ஒரு நாளை முதல் நாள் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும். திரையில் நாங்கள் பார்ப்பது அந்த எண்ணிக்கைக்குப் போட்ட உடுப்பு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகையில் உடுப்புக் கழன்று வெறும் இலக்கம் மட்டும் வந்து நிற்கும். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை, அதாவது மைல்கல், என்று ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸில் “155 இறக்கம்” என்றால் மணியடிப்பார்கள். எங்கிருந்து எண்ணிய 155 என்று எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் வீதி ஒன்றுதான். கணினியில் வீதி ஒன்றல்ல. ஒரு வகைக் கணினி 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாளை எண்ணும். இன்னொரு வகையின் பழைய கோப்புகள் 1904இலிருந்து எண்ணும். இரண்டுக்கும் இடையே 1462 நாள் வித்தியாசம், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும். இலக்கத்தைப் பார்த்து எது எந்த வீதி என்று சொல்ல முடியாது.

என் வேலைக் காலத்தின் கடைசிப் பகுதியில், எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் ஆங்காங்கே சங்கங்களும் தொண்டர்களும் வைத்திருந்த பட்டியல்களையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கச் சொன்னார்கள். எங்களுக்கு மேலே இருந்தவர் திருமதி யோகராணி, உதவிப் பணிப்பாளர். எல்லாருக்கும் மேடம். குரலை உயர்த்த மாட்டா. பிழை கண்டால் பென்சிலால் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டுத் தாளைத் திருப்பித் தருவா, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குப் பயந்து நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாள்கள் உண்டு. அவாவின் அலுமாரியின் கீழ்த்தட்டில் கோப்பு இருக்காது. பழைய நாட்காட்டிகள் இருக்கும். நகைக்கடை, உரக்கடை, வங்கி என்று கொடுத்த சுவர் நாட்காட்டிகளை ஆண்டு வரிசையில் சுருட்டி, றப்பர் போட்டு வைத்திருப்பா. எந்தத் திகதியைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவாவிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்.

“என்ன கிழமை?”

கணினியே சொல்லுமே மேடம் என்பேன். “கணினி சொல்லும். அண்டைக்குக் கந்தோர் திறந்திருந்ததோ எண்டு கணினிக்குத் தெரியுமோ?” என்பா. அலுவலகத்தை அவா கந்தோர் என்றுதான் சொல்லுவா.

அந்தக் கேள்வியின் பெறுமதி செட்டிகுளம் பக்கத்திலிருந்து வந்த விதைநெல் விநியோகப் பட்டியலில் தெரிந்தது. வெறும் இலக்கங்கள். வழக்கம்போல 1900இலிருந்து எண்ணி மாற்றினேன். ஆண்டும் மாதமும் நம்பக்கூடியதாகவே வந்தன. மேடம் கிழமையையும் எடுக்கச் சொன்னா. எடுத்தால், சனிக்கிழமைகளில் விநியோகம் மும்முரமாக நடந்திருக்கிறது, திங்கட்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை.

“சனிக்கிழமை வேலை செய்து திங்கட்கிழமை லீவு விடுற கந்தோர் எங்க இருக்கு ராமையா? எனக்கும் அங்க ஓர் இடமாற்றம் எடுத்துத் தாங்கோ,” என்றா மேடம்.

அந்தப் பட்டியலைத் தட்டியவரை விசாரித்தோம். தொண்டர் ஒருவர் தன்னுடைய பழைய கணினியில் செய்தது, 1904 வகை. 1462ஐக் கூட்டினேன். அது 209 வாரத்துக்கு ஒரு நாள் குறைவு, ஆகவே கிழமை ஒன்று பின்னுக்குப் போகும். சனியெல்லாம் வெள்ளியாயிற்று, செவ்வாயெல்லாம் திங்களாயிற்று. ஒரு சனி ஞாயிறு மிஞ்சவில்லை. ஒரே ஒரு கூட்டல்! அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் பாட்டும் பாடினேன். கிழமை சரி என்றால் திகதி சரி என்ற விதியை அன்று முதல் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் கடற்றொழிலாளர் சங்கப் பதிவு. பென்டிரைவில் வந்தது. யார் தட்டியது என்ற குறிப்பு எதுவும் இல்லை. அங்கத்தவர் பதிவு, படகுப் பதிவு, கடலில் காணாமல் போனோர் பதிவு. 1900இலிருந்து மாற்றிக் கிழமை எடுத்தேன். எல்லாமே திங்கட்கிழமை. ஒரு சனி இல்லை, ஞாயிறு இல்லை. இத்தனை ஒழுங்கான பட்டியலை நான் கண்டதில்லை.

மேடம் தாளை வாங்கி, ஓரத்தில் கோடு போடாமல் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தா.

“ஏன் எல்லாம் திங்கள்?”

“சங்கம் கிழமைக்கு ஒருநாள்தான் கூடும் மேடம். திங்கள் வேலை நாள்தானே.”

“கேட்டனீங்களோ?”

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை சங்கச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மத்தியானம் இன்னொரு தடவை எடுத்தேன், அப்போதும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டேன். ஆகவே மேடம் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், இல்லை. நான் சொன்னது, “ஓம் மேடம்.”

பென்சில் விலகியது. பட்டியல் தரவுத்தளத்துக்குள் போனது.

கடலில் காணாமல் போனோரின் பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றுக்காக, வேறொரு பிரிவு அந்தத் தரவுத்தளத்தோடு விண்ணப்பங்களை ஒப்பிட்டது. நாங்கள் பதிவேற்றிச் சில மாதங்கள் போயிருக்கும். ஒருநாள் காலை முன்கூடத்திலிருந்து பியோன் வந்தார்.

“அண்ணை, திகதி பிழையாம் எண்டு ஒரு பொம்பிளை நிக்கிறா. உங்களிட்டத்தான் அனுப்பச் சொன்னவை.”

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் ஜெசிந்தா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சொப்பிங் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். எங்கள் அலுவலகத்துக் கடிதம். அவளுடைய கணவர் அன்ரன் காணாமல் போனது 2013 செப்டம்பர் 9 என்று பதிவு இருக்கிறது. திருமணச் சான்றிதழில் 2014 என்றும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 2016 என்றும் காணப்படுகிறது. இவ்விரு சான்றிதழ்களும் பொய்த் தகவல் கொடுத்துப் பெறப்பட்டவையா என்பதற்குப் பதினான்கு நாள்களுக்குள் விளக்கம் தரவும்.

“ஐயா, கடலோட போன மனுசனையோ நான் கோயில்ல வைச்சுக் கட்டினனான்?”

எனக்கு உடனே கோபம் வந்தது. அவள்மீது வந்த கோபம். அலுவலகத்தில் பல வருடம் இருந்தவனுக்கு முதலில் வருவது அதுதான்.

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா. பதிவைப் பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது,” என்று திரையைத் திறந்தேன். இலக்கம் 41526. பக்கத்தில் நான் மாற்றிய திகதி. “இஞ்ச பாருங்கோ, 2013ஆம் ஆண்டு, செப்டெம்பர் ஒன்பது, திங்கட்கிழமை. சங்கம் தந்த பதிவு இது.”

“திங்கட்கிழமையோ?”

“ஓம்.”

“திங்கட்கிழமை ஆர் இருந்து எழுதினதாம்? எங்கட ஊரில திங்கட்கிழமை ஆம்பிளையள் ஒருத்தரும் கரையில இல்லை. கத்தோலிக்க ஊர் ஐயா, ஞாயிறுதான் ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. பூசை முடிஞ்சு கோயில் வளவுக்குள்ள மேசை போட்டுத்தான் சங்கத்துப் பொத்தகம் திறக்கிறது. மற்ற நாளில அது அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கும்.”

அவள் தொடர்ந்தாள்.

“இவர் போனது கச்சான் காத்துக் காலத்துக் கடைசியில. காத்து வெளியால இழுத்திட்டுது. ரெண்டு கிழமை தேடினவை. ஆளுக்குப் பூசை ஒப்புக்குடுக்காமல் பேரைப் பொத்தகத்தில எழுத விடமாட்டினம், எங்கட ஊர் வழக்கம் அது. பூசை ஒப்புக்குடுத்த ஞாயிறுதான் நான் கையெழுத்து வைச்சனான். பிள்ளை அப்ப தவழுற வயசு தாண்டி நடக்குது. அதைப் போய் ஆரின்ர பிள்ளை எண்டு கேட்டு எழுதியிருக்கிறியள். ரெண்டு கிழமைக்கு முன்னம் இதை விதானையார் சங்கக் கூட்டத்தில வைச்சு வாசிச்சவர் ஐயா. எல்லாற்றை முன்னாலயும். எனக்கு உங்கட காசு வேண்டாம். என்ர பிள்ளையின்ர தேப்பன்ர பேரை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ.”

கிராம அலுவலரை இன்னும் விதானையார் என்றுதான் அங்கே சொல்வார்கள். அவர்மேல் பிழையில்லை. அவருக்கு வந்த கடிதத்தை வாசித்தார்.

ஒரு துண்டுக் காகிதம் எடுத்தேன். 41526க்குக் கீழே 1462 என்று எழுதிக் கூட்டினேன். 42988. அதை மாற்றினால் 2017 செப்டம்பர் 10. கிழமையைப் பார்க்க எனக்குக் கணினி தேவைப்படவில்லை. திங்களுக்கு முதல்நாள் ஞாயிறு. நான் ஒழுங்கு என்று மெச்சிய அத்தனை திங்கட்கிழமைகளும் ஞாயிற்றுக்கிழமைகள். நான் தொலைபேசி எடுத்த அந்தத் திங்கட்கிழமை செயலாளர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதர் கடலில் இருந்திருக்கிறார். முதலில் தேயிலைத் தோட்டமும் பிறகு வயலும் பார்த்து வளர்ந்த எனக்கு, ஓர் ஊரே ஞாயிற்றுக்கிழமையில்தான் எழுத்து வேலை பார்க்கும் என்று தோன்றவேயில்லை. தோன்றாதது குற்றமில்லை. கேட்காதது குற்றம்.

காகிதத்தை அவள் பக்கம் திருப்பினேன். “நாலு வருசமும் ஒரு நாளும் கூட்ட வேணும். செப்டெம்பர் பத்தாம் திகதி, 2017. ஞாயிறு. இதுவோ?”

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். “இதுதான் ஐயா. அப்ப ஏன் மற்றதை எழுதினனீங்கள்?”

“கொம்பியூட்டர் பிழை விட்டிட்டுது அம்மா,” என்றேன். இது இரண்டாவது பொய்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் மேடத்தின் அறைக்குப் போனேன். துண்டுக் காகிதத்தை முன்னால் வைத்தேன். அவா எழும்பிப் போய் 2017 நாட்காட்டியின் றப்பரைக் கழற்றி, செப்டம்பரைத் தேடி, பத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தா. பிறகு சுருட்டி, றப்பரைப் போட்டு, தட்டில் வைத்துவிட்டு வந்து இருந்தா. அந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம் மேடம். நான் கேக்கேல்லை.”

ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லது என்றும் இருந்தது. அவா ஒரு தாளை எடுத்துச் செய்ய வேண்டியவற்றை எழுதத் தொடங்கினா. அந்தச் சங்கத்தின் எல்லாத் திகதியையும் முடக்குவது. சங்கத்தின் கையெழுத்துப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. ஒப்பிட்டு முடியும்வரை அந்தப் பட்டியலை எவருக்கும் கொடுக்காமல் இருப்பது. ஜெசிந்தாவுக்குப் போன கடிதத்தை இரத்துச் செய்து திருத்திய பதிவை உறுதிப்படுத்தும் கடிதம். அதில் அவா ஒப்பமிடுவா. பிழை எப்படி நடந்தது என்ற விளக்கம். அதில் நான் ஒப்பமிட வேண்டும்.

“தபாலில போட வேண்டாம். முதல் கடுதாசியை வாசிச்ச இடத்திலயே இதையும் வாசிக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை போங்கோ,” என்றா.

விளக்கத்தை நான்தான் தட்டினேன். ‘கணினித் தொழில்நுட்பத் தவறு காரணமாக’ என்று தொடங்கினேன். மேடம் வாசித்தா. அந்த நான்கு சொல்லின் ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு ஒன்று போட்டா. நான் விளங்காதவன் மாதிரி அந்தக் கோட்டை அழிறப்பரால் அழித்துவிட்டு உறையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரத்தில் பஸ் ஏறி, முல்லைத்தீவில் மாறி அங்கே போய்ச் சேரும்போது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பூவரசுக்குக் கீழே மேசை. மேசையில் தடித்த மட்டை போட்ட புத்தகம். செயலாளர் என்னை விசாரித்துவிட்டு, “ஓ, நீங்களோ அது,” என்று கதிரை தந்தார். ஜெசிந்தா மகளோடு வந்து நின்றாள். மகள் அபிஷாவுக்கு ஆறு வயது, தலையில் வெள்ளை ரிபன். பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளையின் தகப்பன் பெயரைத்தான் நான் ஓர் ‘ஓம்’ சொல்லிக் கேள்விக்குறி ஆக்கியிருந்தேன்.

செயலாளர் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். நீல மையில் 10.09.2017, ஞாயிறு. பக்கத்தில் ஜெசிந்தாவின் கையெழுத்து, கடைசி எழுத்து கொஞ்சம் இழுபட்டு. இந்த ஒரு பக்கத்தைப் பார்க்க நான் ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். பஸ் ஏறக்கூட வேண்டாம், இன்னொரு நாளில் ஒரு கோல் எடுத்திருந்தால் போதும்.

கூடி நின்றவர்களுக்கு முன்னால் மேடத்தின் கடிதத்தை வாசித்தேன். அன்ரன் பற்றிய பதிவுத் திகதி, திருமணம், பிள்ளையின் பிறப்பு எல்லாம் சரியென்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு கிழவர், “சரி, விட்டது கரைச்சல்,” என்றார். பிறகு என் விளக்கத்தை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாசித்தாள். சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

“கொம்பியூட்டர் பிழை எண்டு போட்டிருக்கு.”

“ஓம் அம்மா.”

“இந்தத் திங்கட்கிழமையை ஆரிட்டக் கேட்டு எழுதினனீங்கள் ஐயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை.”

“கொம்பியூட்டரோ கேக்காமல் விட்டது?”

“இல்லை அம்மா. நான்தான்.”

அவள் குரல் உயரவில்லை. “நீங்கள் சொன்ன 2013இல அவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது. அடுத்த வருசம் தவக்காலத்துக்கு முன்னம் கலியாணம். பிறகு இவள். பிறகு அந்தக் கச்சான். நாலு வருசமும் ஒரு நாளும் எண்டு அண்டைக்குக் கூட்டிக் காட்டினனீங்கள் எல்லே? நான் அவரோட இருந்த காலம் முழுக்க அதுக்குள்ளதான் ஐயா கிடக்கு. வேற இல்லை.”

1462 என்ற அந்த எண்ணை நான் எத்தனையோ தடவை கூட்டியிருக்கிறேன், கழித்திருக்கிறேன். அதற்குள் ஒரு கலியாணமும் ஒரு பிள்ளைப்பேறும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அழுகை வரும்போல இருந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாளைத் திருப்பி வாங்கினேன். செயலாளரின் நீலப் பேனையை எடுத்து ‘கணினித் தொழில்நுட்பத் தவறு காரணமாக’ என்பதை வெட்டினேன். அதற்கு மேலே ‘நான் விசாரிக்காமல், விசாரித்ததாகச் சொன்ன காரணத்தால்’ என்று எழுதினேன். வெட்டிய இடத்தில் குறுங்கையொப்பம் வைக்க வேண்டும், அது அலுவலக நடைமுறை, வைத்தேன். பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ ஆயிரம் திகதி எழுதியவன், அன்றைக்குத்தான் முதல்தடவையாக அதற்குப் பக்கத்தில் என் கையால் எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை.